சத்தம் பாடும்போது: பாஸ்டனின் முதல் ஆல்பமும் ஒரு நாயனக் காதும்

மெலோடிக் ஹார்டு ராக் என்று ஒரு வகை உண்டு. பேரைக் கேட்டதுமே நம்மூரில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். ஹார்டு ராக் என்றால் காதைக் கிழிக்கும், மெலடி என்றால் மனசை வருடும், ரெண்டும் ஒரே பாட்டுக்குள் எப்படி உட்காரும்? இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு ஆல்பத்தையே கையில் கொடுத்துவிடலாம். 1976 ஆகஸ்ட் 25-ல் வெளிவந்த, பாஸ்டன் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் ஆல்பம். குழுவின் பெயர்தான் ஆல்பத்துக்கும். மொத்தம் எட்டுப் பாட்டு, 38 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது.

இவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறது என்பது ஒரு தகவல். ஏன் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் இதற்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் அந்த ஊர்க் கதைகளாகவே இருக்கின்றன: எழுபதுகளின் எஃப்.எம். ரேடியோ, கார் பயணம், பள்ளிக்கூடக் காதல். இதில் ஒன்றுமே எனக்குச் சொந்தமில்லை. நான் வளர்ந்தது தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில். நான் கேட்டு வளர்ந்த பெரிய சத்தம் என்றால் அது கோயில் வாசலில் கேட்ட நாயனமும் தவிலும்தான். ஆனாலும் இந்த ஆல்பம் எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. அது ஏன் என்று யோசித்துப் பார்த்ததில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

அடித்தளத்து எஞ்சினியர்

முதலில் ஆளைப் பற்றி. டாம் ஷோல்ஸ், 1947-ல் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முதுகலை முடித்துவிட்டு, போலராய்டு கேமரா கம்பெனியில் பொருள் வடிவமைப்பு வேலை. பகலில் ஆபீஸ். ராத்திரி, பாஸ்டன் நகரத்தை ஒட்டிய வாட்டர்டவுனில் வீட்டுக்கு அடியில் உள்ள அறையில் ஒலிப்பதிவு. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் கருவிக்குப் போனது. 12 தடங்கள் பதியக்கூடிய ஒரு ஸ்கல்லி டேப் மெஷின் அவரிடம் இருந்தது.

கிட்டார், பேஸ், ஆர்கன் என்று பெரும்பாலானதை அவரே வாசித்தார். பாடியது பிராட் டெல்ப். பின்னணியில் ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிற மாதிரி கேட்கிறதே, அதுவும் டெல்ப்தான். தன் குரல் மேலேயே திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியது. டிரம்ஸ் பெரும்பாலும் சிப் ஹாஷியன். பல கம்பெனிகள் இவர்களுடைய மாதிரி டேப்பைத் திருப்பி அனுப்பின. கடைசியில் எபிக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: முறையான ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும்.

ஷோல்ஸுக்கு அதில் இஷ்டமில்லை. தயாரிப்பாளராக வந்த ஜான் பாய்லன் ஒரு வழி கண்டுபிடித்தார். குழுவின் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அழைத்துக்கொண்டு போய், அங்கே ஒரு பாட்டைப் பதிந்தார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'லெட் மீ டேக் யூ ஹோம் டுநைட்' அதுதான். கம்பெனி கலிஃபோர்னியாவில் ஆல்பம் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, ஷோல்ஸ் தன் வீட்டு அடித்தளத்திலேயே மற்றதைச் செய்துகொண்டிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷோல்ஸ் தேடிய ஒலி முதலில் அவர் மனசில்தான் இருந்தது. கடையில் கிடைக்கும் கருவியில் அது வரவில்லை. அதனால் கருவியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினார். நமக்கு இது புதுசில்லை. நாகஸ்வரத்தில் திமிரி என்பது குட்டையானது, சுருதி உசத்தி. பாரி என்பது நீளமானது, சுருதி தணிவு. டி.என். ராஜரத்தினம் பிள்ளை கேட்ட ஒலிக்காக, சுத்த மத்தியமம் சரியாக நிற்கும்படி பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரெங்கநாதன் ஆசாரி. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, வைரம் பாய்ந்த ஆச்சா மரத்தில் கடைவது அந்த ஊர் வழக்கம். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாசிக்கிறவர் கேட்க, ஆசாரி கடைய, ஒரு புது ஒலி பிறக்கிறது. வாட்டர்டவுனில் வாசிக்கிறவரும் ஆசாரியும் ஒரே ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீளுகிற ஸ்வரம்

இனி காதுக்கு வருவோம். கிட்டாரின் பிறவிக் குறை ஒன்று உண்டு. கம்பியை மீட்டின அடுத்த கணமே ஒலி தேய ஆரம்பித்துவிடும். வீணைக்கும் அப்படித்தான். ஊதுகிற கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. மூச்சு இருக்கிற வரைக்கும் ஸ்வரம் நிற்கும்.

ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் தள்ளினால் ஒரு வினோதம் நடக்கும். அதனால் ஓர் அளவுக்கு மேல் ஒலியைப் பெரிதாக்க முடியாது. கூரையில் தலை இடித்த மாதிரி, அலையின் உச்சி தட்டையாகிவிடும். தட்டையான அலையில் மேல்சுரங்கள் நிறையப் பிறக்கும். கிட்டாரின் அந்த 'கர்ர்' என்ற கனம் அங்கிருந்துதான் வருகிறது. இன்னொன்றும் கூடவே நடக்கும். கம்பியின் அதிர்வு பாதியாகக் குறைந்தால்கூட ஆம்ப்ளிஃபயரில் அது இன்னும் கூரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் கேட்கிற நமக்கு ஒலி குறைந்ததே தெரியாது. தேய வேண்டிய ஸ்வரம் நீளும்.

ஆக, ராக் கிட்டாரில் 'சத்தம்' என்று நாம் முகம் சுளிக்கிற விஷயம், மீட்டுகிற கருவியை ஊதுகிற கருவியாக மாற்றுகிற ஒரு உபாயம். அது கிடைத்ததும் கிட்டாரால் பாட முடிகிறது. ஷோல்ஸின் கிட்டார் வரிகளை முணுமுணுத்துப் பாருங்கள், வாயில் அப்படியே வரும். விரல் வேகத்தைக் காட்டுகிற வரிகள் குறைவு. நின்று, வளைந்து, இறங்குகிற வரிகள்தான் அதிகம். காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பில் ஒரு ஸ்வரத்தில் வந்து நின்று அசையாமல் பிடிப்பாரே, அந்த சுகம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் தள்ளினால்தான் அந்த ஒலி வரும். தள்ளினால் தெருவே எழுந்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சக்தியை உறிஞ்சிக்கொள்கிற ஒரு பெட்டியை ஷோல்ஸ் செய்தார். ஒலியின் குணம் அப்படியே இருக்க, அளவு மட்டும் குறையும். பிறகு இதை 'பவர் சோக்' என்ற பெயரில் விற்கவும் செய்தார். 1982-ல் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவில் 'ராக்மேன்' என்ற சின்னப் பெட்டி. டெஃப் லெப்பர்டு குழுவின் 1987 ஆல்பமான 'ஹிஸ்டீரியா'வில் கேட்கிற கிட்டார் அதன் வழியாக வந்ததுதான். இதெல்லாம் நமக்குச் சொல்வது ஒன்றுதான்: ஒலியின் கனம் வேறு, ஒலியின் அளவு வேறு. இந்த ஆல்பத்தைச் சின்ன சத்தத்தில் வைத்துக் கேட்டாலும் அது பெரிசாகவே கேட்கும்.

ரெண்டு நாயனம்

எங்க பக்கத்தில் நாயனம் வாசிக்கிற அண்ணாச்சி ஒருத்தரிடம் 'ஹிட்ச் எ ரைடு' பாட்டின் கடைசிப் பகுதியை ஹெட்ஃபோனில் போட்டுக்காட்டினேன். இங்கிலீஷ் பாட்டெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "ரெண்டு வேரு வாசிக்காங்க" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, ஒரே ஆளுதான். ஒரு தடவ வாசிச்சு அதுக்கு மேல இன்னொரு தடவ வாசிச்சிருக்காரு."

"அப்பம் ஒத்து ஊதுனதும் அவருதானா?"

"எல்லாம் அவருதான்."

"நல்லதுதான், சம்பளம் பிரிக்காண்டாம்லா."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் காது சரியான இடத்தைப் பிடித்துவிட்டது. கோயில் மேளத்தில் ரெண்டு நாயனம் சேர்ந்து ஒரே வரியை வாசிக்கும்போது சத்தம் இரட்டிப்பாவது மட்டுமில்லை, அதன் சதையே மாறும். ரெண்டு பேரின் சீவாளியும் மூச்சும் உதட்டு அழுத்தமும் மயிரிழை வித்தியாசப்படும். அந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் ஒலி தடிக்கிறது. ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனமாக நின்று வாசித்துத்தான் காருகுறிச்சி வளர்ந்தார். குருவின் வரிக்குள் தன் வரியைச் சேர்ப்பதே அங்கே பாடம்.

ஷோல்ஸ் செய்ததும் இதையே. ஒரு வரியைத் திரும்ப முழுசாக வாசித்து அடுக்கினார். மெஷினில் நகல் எடுத்திருந்தால் வேலை சுலபம், ஆனால் நகலில் அந்த மயிரிழை வித்தியாசம் இருக்காது, ஒலியும் தடிக்காது. சில இடங்களில் இரண்டாவது கிட்டாரை ஒரே வரியில் வைக்காமல் மூன்று ஸ்வரம் தள்ளி வைத்தார். 'பீஸ் ஆஃப் மைண்டு' பாட்டில் அது கோரஸ் பாடுவது போல வரும். நம்ம சங்கீதத்தில் இல்லாத வழக்கம் இது. ஆனால் இளையராஜாவின் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு அது பழகின சுகம்தான்.

குரல் முடியும் இடம்

ஆல்பத்தின் முதல் பாட்டு 'மோர் தேன் எ ஃபீலிங்'. ரேடியோவில் ஒரு பழைய பாட்டு வருகிறது. அதைக் கேட்கிறவனுக்கு, விலகிப்போன மரியான் என்ற பெண்ணின் ஞாபகம் வருகிறது. விஷயம் அவ்வளவுதான். பாட்டைப் பற்றியே ஒரு பாட்டு. 1966-ல் லெஃப்ட் பாங்க் குழு வெளியிட்ட 'வாக் அவே ரெனே' தனக்குத் தூண்டுதல் என்று ஷோல்ஸ் சொல்லியிருக்கிறார். இந்தப் பாட்டை முடிக்க அவருக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

இதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல மெல்ல மெல்ல எழும் 12 கம்பி கிட்டார். பிறகு பேஸ். பிறகு குரல், சாதாரணமாக, பேசுகிற மாதிரி. அப்புறம் மின்கிட்டார் ஒரு வரி பாடிவிட்டு வழிவிடும். அதற்குப் பிறகுதான் அந்தக் கனத்த கோரஸ், கைதட்டலோடு. எடுத்த எடுப்பில் அடிக்காமல், சத்தத்துக்கு நம்மைத் தயார் பண்ணிவிட்டு அடிக்கிறது. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நாயனத்தில் மெதுவாக ராகம் ஆரம்பித்து, தவில் சேர்ந்து, சாமி வாசலைத் தாண்டும்போது மல்லாரி முழங்குமே, அந்த ஏறுவரிசையை அறிந்தவர்களுக்கு இது பிடிபடும். பெரிய சத்தம் பெரிசாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் சின்ன சத்தம் வேண்டும்.

பாட்டின் பிற்பகுதியில் டெல்ப் குரலை மேலே மேலே கொண்டுபோய் ஒரு உச்சத்தில் நீட்டுவார். அந்த நீட்டல் முடிகிற இடத்திலேயே கிட்டார் எடுத்துக்கொள்ளும். குரல் எங்கே முடிந்தது, கிட்டார் எங்கே ஆரம்பித்தது என்று கோடு போட முடியாது. பாடுகிறவரின் தொண்டையும், பாட்டாக மாற்றப்பட்ட கருவியும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கிற இடம் அது.

தமிழில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்காரவேலனே தேவா'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம், எஸ். ஜானகி குரல், காருகுறிச்சியின் நாயனம். ஜானகி ஸ்வரம் பாட நாயனம் பதில் சொல்லும். நாயனம் போன உயரத்துக்குக் குரலும் போகும். தெரு முழுக்கக் கேட்பதற்கென்று பிறந்த கருவி அது, ஆனால் அந்தப் பாட்டில் ஒரு பெண் குரலோடு சமமாக உட்கார்ந்து பேசும். கச்சேரிப் பக்கமே போகாதவர்களுக்கும் காருகுறிச்சியின் பேர் தெரிந்தது அந்தப் பாட்டால்தான். அவர் 1964-ல், நாற்பத்து மூன்று வயது ஆவதற்கும் முன்பாகவே, போய்ச் சேர்ந்துவிட்டார். கரிசல் காட்டில் கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி மாதிரி ரசிகர்கள் அவரைக் கொண்டாடியது தனிக் கதை.

"ரொம்ப சுத்தமா இருக்கு"

பாஸ்டன் மேல் விமர்சகர்கள் வைத்த குற்றச்சாட்டு ஒன்று உண்டு. 'கார்ப்பரேட் ராக்' என்றார்கள். எல்லாம் வழவழப்பு, வியர்வை இல்லை, முகம் இல்லை, கம்பெனிக்காகச் செய்த சரக்கு என்று பொருள். பங்க் இசை கிளம்பிய அதே வருஷம் இது வந்தது என்பதால் அந்தப் பேச்சு இன்னும் ஒட்டிக்கொண்டது.

குற்றச்சாட்டில் பாதி உண்மை. இந்த ஆல்பத்தில் சிதறல் இல்லை. 'ராக் அண்டு ரோல் பேண்டு' பாட்டில் வருகிற, பார் பாராக வாசித்துப் பேர் வாங்கிய குழு என்ற கதைகூடக் கற்பனைதான். பாஸ்டன் வளர்ந்தது மேடையில் இல்லை, டேப்பில். ஆனால் வழவழப்பு என்றால் கம்பெனி என்று அர்த்தமா? இங்கே கம்பெனி ஸ்டூடியோவுக்கு வா என்றது, ஒரு ஆள் தன் அடித்தளத்தை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். 'பீஸ் ஆஃப் மைண்டு' பாட்டே ஆபீஸ் ஏணியில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறுவதைப் பற்றியது. பகல் முழுக்க ஆபீஸில் இருந்தவர் எழுதியது. இந்தச் சுத்தம் தச்சாசாரி இழைத்து இழைத்துக் கொண்டுவருகிற சுத்தம். அதில் கை தெரியாது. கை இல்லாமல் வந்ததும் இல்லை.

இதன் பாதிப்பு எதிர்முகாமிலும் இருந்தது. வழவழப்புக்கு எதிராகக் கிளம்பிய நிர்வானா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டின் கிட்டார் வரி 'மோர் தேன் எ ஃபீலிங்'கை ஞாபகப்படுத்துவதைப் பலரும் சொன்னார்கள். 1992-ல் ரெடிங் விழாவில் அவர்களே அந்தப் பாட்டைத் தொட்டுவிட்டுத்தான் தங்கள் பாட்டுக்குள் போனார்கள். நம்ம நாட்டிலும் இந்த ருசி வேர் பிடித்தது. மும்பையில் 1984-ல் தொடங்கிய ராக் மெஷின் குழு, வெளிநாட்டுப் பாட்டுகளை அப்படியே வாசிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், சொந்தப் பாட்டுகளோடு 1988-ல் 'ராக் அன் ரோல் ரெனகேடு' என்ற முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. பின்னாளில் இண்டஸ் கிரீடு என்று பேர் மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

மண்டபத்தில் ஏன் வலிக்கிறது

கடைசியாக ஒரு கேள்வி. இதுதான் எனக்கு முக்கியமானது. உடைந்த ஒலி இந்த ஆல்பத்தில் இவ்வளவு இனிக்கிறதே, நம்மூர் கல்யாண மண்டபத்தில் மைக் செட் வழியாக வருகிற நாயனம் மட்டும் ஏன் தலைவலியாக இருக்கிறது? அங்கேயும் ஆம்ப்ளிஃபயர் கூரையில் இடித்துக்கொண்டுதானே இருக்கிறது?

விடை ஷோல்ஸின் டேப் மெஷினில் இருக்கிறது. அவர் ஒவ்வொரு கிட்டாரையும் தனித்தனித் தடத்தில் பதிந்தார். ஒவ்வொன்றும் தனியாக உடைந்தது. உடைந்த பிறகுதான் ஒன்றாகச் சேர்ந்தது. மண்டபத்திலோ ரெண்டு நாயனம், ரெண்டு தவில், சுருதிப் பெட்டி எல்லாம் முதலில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே ஆம்ப்ளிஃபயருக்குள் போய், அங்கே மொத்தமாக உடைகிறது. அப்படிச் சேர்த்து உடைக்கும்போது, ஸ்வரங்களுக்கு நடுவில் ராகத்துக்குச் சம்பந்தமே இல்லாத புதுப்புது அதிர்வுகள் பிறக்கும். சேறு கலக்கினது மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு நாயனத்தில் மேல்சுரங்கள் இயற்கையாகவே நிறைய. கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் கொடுத்த வரம் அதற்குச் சீவாளியிலேயே கிடைத்துவிட்டது. அதன் மேல் இன்னொரு தடவை உடைத்தால் எப்படி இனிக்கும்?

இதில் ரசனை மட்டும் இல்லை, பிழைப்பும் இருக்கிறது. "நாயனம் வச்சா ஒரே இரைச்சல், யாரும் பேசிக்கக்கூட முடியல" என்று சொல்லி மேளத்தை அரைமணி நேரத்துக்குச் சுருக்குகிற வீடுகளைப் பார்க்கிறேன். இரைச்சல் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த இரைச்சலைக் கிளப்புவது பெட்டியும் குழாய் ஸ்பீக்கரும். பழி வாசிக்கிறவர் தலையில்.

செலவே இல்லாத வைத்தியம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மைக் செட்காரரிடம் மூன்றே விஷயம் சொல்லிப் பாருங்கள். நாயனத்தின் வாய்க்கு நேராக மைக்கை வைக்காமல் ஆறேழு அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தவிலுக்கு மைக்கே வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டியில் அளவைப் பாதிக்கு மேல் திருக வேண்டாம் என்று சொல்லுங்கள். சின்ன மண்டபம் என்றால் மைக்கே தேவையில்லை. தெற்கு ரத வீதியில் வாசித்தால் மேற்கு ரத வீதியில் கேட்பதற்காகக் கடைந்த கருவி அது.

பாஸ்டனைக் கேட்காதவர்கள் 'மோர் தேன் எ ஃபீலிங்'கில் ஆரம்பித்து, அடுத்து 'ஹிட்ச் எ ரைடு', பிறகு ஆர்கனில் ஆரம்பித்து ஏழரை நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற 'ஃபோர்பிளே/லாங் டைம்' என்ற வரிசையில் கேளுங்கள். ஹெட்ஃபோனில், பாதி சத்தத்தில் போதும். அதே நாள் ராத்திரி 'சிங்காரவேலனே'யையும் ஒரு தடவை. ரெண்டிலும் குரல் முடிந்து கருவி எடுக்கிற இடத்தை மட்டும் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.